தலைச்சுற்றா, மயக்கமா, கிறுகிறுப்பா?

உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

நமது வீடுகளில் ஒருவர் நெற்றியில் கையை வைத்தபடி கதிரையில் அமர்ந்தால், "என்ன, தலை சுத்துதா?" என்று கேட்கிறோம். அவரும் "ஓம்" என்கிறார். அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது. ஒருவர் தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கிறார். இன்னொருவர் "பிரசர் ஏறியிருக்கும்" என்கிறார். மற்றொருவர் கண்ணூறு என்கிறார். சிறிது நேரத்தில் சுகமாகிவிடுவதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே தலைச்சுற்று மீண்டும் வருகிறது. இரத்தப் பரிசோதனை செய்தாலும், ஈ.சி.ஜி. எடுத்தாலும், தலையை ஸ்கான் செய்தாலும் "எல்லாம் நோர்மல்" என்று ரிப்போட் வருகிறது. எல்லாம் நோர்மல் என்றால் ஏன் சுற்றுகிறது? இந்தக் கேள்விக்கு உயிரியல் படிக்கும் ஒரு மாணவியாக நான் வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இந்த விடயத்தில் நமது மொழி ஏழையல்ல. அறையே சுழல்வதுபோல இருந்தால் அது தலைச்சுற்று. கண் இருண்டு, காது அடைத்து, விழப்போவதுபோல இருந்தால் மயக்கம் வரப்பார்க்கிறது என்கிறோம். தலை தெளிவாக இருந்தும் கால் தடுமாறினால் தள்ளாட்டம். தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல, மிதப்பதுபோல இருந்தால் கிறுகிறுப்பு. வைத்திய நூல்களும் நீண்ட காலமாக ஏறத்தாழ இந்த நான்கு வகைகளாகவே இதைப் பிரித்து வந்தன. இப்னு சீனா தமது 'அல்கானூன்' என்ற வைத்திய நூலில் 'துவார்' என்ற பெயரில் தலைச்சுற்றைத் தனியாக எடுத்து எழுதியிருக்கிறார். நாமோ நான்கு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு, வைத்தியரிடம் போனதும் "தலை சுத்து" என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வருகிறோம்.

சொல் மட்டும் போதாது என்பதும் உண்மைதான். அமெரிக்காவில் டேவிட் நியூமன்-டோக்கர் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த நோயாளிகளிடம் தலைச்சுற்று எப்படிப்பட்டது என்று கேட்டார்கள். சில நிமிடங்கள் கழித்து வேறு விதமாக மறுபடியும் கேட்டார்கள். சுமார் பாதிப் பேர் முதலில் சொன்ன வகையை மாற்றிச் சொன்னார்கள். 2007இல் வெளியான ஆய்வு அது. ஆனால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்யும்போது வருகிறது என்ற கேள்விகளுக்கு அதே நோயாளிகள் மாறாத பதிலே தந்தார்கள். ஆகவே எப்படி இருக்கிறது என்பதோடு எப்போது வருகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற மூன்றையும் கவனித்தால், ஸ்கான் காட்டாத பல காரணங்கள் வெளியே வந்துவிடும்.

காரணங்களுக்குப் போகுமுன் நாம் விழாமல் நிற்பது எப்படி என்று பார்க்க வேண்டும். அமிர்தகழியில் வாவிக் கரையில் நின்றால், ஒடுங்கிய தோணியில் நின்றபடியே வீச்சுவலை எறிபவர்களைக் காணலாம். தோணி ஆடுகிறது, மனிதர் விழுவதில்லை. அவருடைய மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது. கண், கரையையும் அடிவானத்தையும் பார்த்துச் சொல்கிறது. பாதமும் மூட்டுகளும் தசைகளும் தோணி எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்கின்றன. உட்செவி, தலை எந்தத் திசையில் அசைகிறது என்று சொல்கிறது. மூன்றும் ஒத்துப்போகும்வரை நமக்கு எதுவும் தெரிவதில்லை. அவை ஒன்றையொன்று மறுத்தால்தான் தலை சுற்றுகிறது. பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் சத்தி வருவதும் இதனால்தான். கண் "அசையவில்லை" என்கிறது, காது "அசைகிறது" என்கிறது. அதே செய்திகளைப் பெறும் மூளைக்குக் குருதியும் ஒட்சிசனும் குளுக்கோசும் குறைந்தாலும் தடுமாற்றம் வரும். ஆக, காதில் பிழை, குருதியோட்டத்தில் பிழை, மூளை அச்செய்திகளைக் கையாளும் விதத்தில் பிழை என்று காரணங்களைத் தேடலாம். இவை மூன்றிலும் அதிகமாக மறக்கப்படுவது காதுதான்.

காதுக்கும் தலைச்சுற்றுக்கும் தொடர்பு உண்டென்று உலகம் ஒப்புக்கொண்டு இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆகவில்லை. பரிஸ் நகரில் செவிப்புலனற்றோர் நிறுவனமொன்றுக்குப் பொறுப்பாக இருந்த புரொஸ்பர் மெனியே, 1861இல் வைத்தியச் சபையில் ஓர் உரை வாசித்தார். திடீரென்று சுழன்று விழுந்து, சத்தி எடுத்து, காதில் இரைச்சலோடு எழும்புபவர்களுக்கு மூளையில் இரத்தம் தேங்கிவிட்டதென்று அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். உடலில் கீறி இரத்தத்தை வெளியேற்றினார்கள். மெனியே, நோய் மூளையில் இல்லை, உட்செவியில் இருக்கிறது என்றார். கேட்டவர்கள் இலகுவில் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். இன்று அந்த நோய் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்டல் மங்கி, 20 நிமிடம் முதல் 12 மணித்தியாலம்வரை சுழற்றி எடுத்தால் வைத்தியர்கள் அதை நினைப்பார்கள். அதற்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். கருவாட்டை விட முடியாத நம் ஊருக்குச் சற்றுக் கடினமான ஆலோசனை!

அடுத்தவர் ரொபர்ட் பராணி. வியன்னா நகரில் காது வைத்தியராக இருந்தவர். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவும்போது சிலர் தலை சுற்றுகிறது என்றார்கள். அவர்களுடைய கண்கள் ஒரு பக்கமாகத் துடிப்பதைப் பராணி கண்டார். ஒருவர் தண்ணீர் குளிராக இருப்பதாக முறையிட்டதால் சூடாக்கச் சொன்னார். அது மிகையாகச் சூடாகிவிட்டது. அப்போது கண்கள் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்பது நாம் சாதாரண தரத்திலேயே படிக்கும் மேற்காவுகை. காதுக்குள் உள்ள திரவத்திலும் அதுவே நடக்கிறது என்று அவர் விளங்கிக்கொண்டார். முதலாம் உலகப் போரில் ரஷ்யர்களிடம் கைதியாக இருந்தபோதுதான் 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. விடுதலையாகி 1916இல் சுவீடன் சென்று அதைப் பெற்றார்.

உட்செவியில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக உள்ளன. அவற்றுக்குள் அகநிணநீர் இருக்கிறது. தலையைத் திருப்பும்போது அது பின்தங்கி, மயிர்க்கலங்களை வளைக்கிறது. கால்வாய்களுக்கு அருகேயுள்ள சிறு பையில் கல்சியம் காபனேற்றால் ஆன, மா போன்ற நுண்ணிய பளிங்குகள் ஒட்டியிருக்கின்றன. புவியீர்ப்பை அறிவது அவற்றின் வேலை. வயது போனதாலோ, தலையில் அடிபட்டதாலோ, சில வேளை காரணமே தெரியாமலோ அப்பளிங்குகள் கழன்று ஒரு கால்வாய்க்குள் விழுந்துவிடும். பிறகு படுக்கையில் புரண்டாலும், மேல் தட்டில் உள்ள சீனிப் போத்தலை எடுக்க அண்ணாந்தாலும் அவை உருண்டு திரவத்தை இழுக்கும். தலை நின்ற பின்னும் காது "இன்னும் சுழல்கிறாய்" என்று மூளைக்குச் சொல்லும். பளிங்கு அடியில் படிந்ததும் சுழற்சி நிற்கும். ஒரு நிமிடத்துக்குமேல் போகாது. இதைத்தான் பீ.பீ.பீ.வீ. என்கிறார்கள். தமிழில் நிலைமாற்றத் தலைச்சுற்று எனலாம். மீண்டும் மீண்டும் வரும் சுழல் தலைச்சுற்றுக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். இரத்தப் பரிசோதனையில் தெரியாது. ஸ்கானிலும் தெரியாது.

எனது மூத்தம்மாவுக்கு வந்தது இதுதான். சுபஹுக்கு எழும்ப வலப்பக்கம் புரண்டால் முகடு சுழலும். சுஜூதுக்குக் குனிந்தாலும் சுழலும். ருகூஃவில் நின்றால் அவ்வளவாக இல்லை. பிரசர் பார்த்தார்கள், சீனி பார்த்தார்கள், கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு தனியார் கிளினிக்கில் "கழுத்தெலும்பு தேய்ந்திருக்கு" என்று பட்டி கட்டினார்கள். இன்னோரிடத்தில் "வயசுதானே, ஒன்றுமில்லை" என்றார்கள். ஒன்றுமில்லை என்ற சொல் அவரை நோயைவிட அதிகமாக நோகடித்தது. "நான் பொய் சொல்றன் எண்டு நினைக்காங்க போல" என்று உம்மாவிடம் சொன்னார். கிணற்றடிக்குப் போவதை விட்டார், கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டார், கதிரையில் இருந்தே தொழுதார். எட்டு மாதத்தின் பின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியர், "எப்ப சுத்தும் உம்மா? எந்தப் பக்கம் திரும்பினா?" என்று கேட்டார். சுஜூதில் சுற்றும், ருகூஃவில் குறைவு என்பதை மூத்தம்மா சொன்னதும் வைத்தியரின் முகம் மலர்ந்ததாக உம்மா சொல்வார். தலை நிலத்தை நோக்கிக் கவிழும்போதும் படுக்கையில் புரளும்போதும் மட்டும் வருகிறதென்றால் பளிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அவர் செய்த பரிசோதனைக்கு டிக்ஸ்-ஹோல்பைக் சோதனை என்று பெயர். நோயாளியைக் கட்டிலில் இருத்தி, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துக் கண்ணைப் பார்ப்பார்கள். கண் துடித்தால் விடை கிடைத்துவிட்டது. இதை 1952இல் எழுதிய இருவரில் ஒருவர் மார்கரெட் டிக்ஸ் என்ற பெண் வைத்தியர். சத்திரசிகிச்சை நிபுணராக வர விரும்பிய அவர், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் முகத்திலும் கண்ணிலும் காயப்பட்டதால் அப்பாதையை விட வேண்டியதாயிற்று. பிறகு லண்டனில் தலைச்சுற்று நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். கண் காயப்பட்ட ஒருவர் மற்றவர்களின் கண்ணைப் பார்த்து நோயறியும் வழியைத் தந்தார் என்பதை நம் கல்லூரித் தோழிகள் அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

சிகிச்சை அதைவிட வியப்பானது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து வைத்தியர் ஜோன் எப்லி, தலையை ஒழுங்கான வரிசையில் நான்கைந்து நிலைகளுக்குத் திருப்பினால் பளிங்கு வந்த வழியே வெளியேறிப் பைக்குள் விழும் என்று காட்டினார். குளிசையும் இல்லை, கத்தியும் இல்லை. அதனாலேயே பல வைத்தியர்கள் நம்பவில்லை. 1980இல் அவர் செய்துகாட்டிய முறை, ஒரு வைத்திய சஞ்சிகையில் விரிவாக வெளிவர 1992 ஆயிற்று. இன்று உலகெங்கும் இதைச் செய்கிறார்கள். பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஓரிரு தடவையிலேயே சுகம் கிடைக்கிறது. மூத்தம்மாவுக்குச் சில நிமிடங்கள்தான் எடுத்தன. சில மாதங்களின் பின் மீண்டும் வந்தது, அது வரக்கூடியதுதான். மீண்டும் போய்ச் செய்துகொண்டார். யூடியூப் பார்த்து வீட்டில் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று தெரியாமல் செய்தால் பயனில்லை. கழுத்து வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்தாகவும் முடியும். முதல் தடவை வைத்தியரிடமே செய்துகொள்ள வேண்டும்.

கழுத்தெலும்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வயதான எவருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் தேய்மானம் தெரியும், தலைச்சுற்று இல்லாதவருக்கும் தெரியும். ஆகவே எக்ஸ்ரேயில் தேய்மானம் இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இனி நம் வயதுக்கு வருவோம். காலைக்கூட்டத்தில் வரிசையில் நிற்கும்போது ஒருத்தி வெளிறிப்போய்ச் சரிவதை எல்லோரும் கண்டிருப்போம். இது காதின் வேலையல்ல. அசையாமல் நிற்கும்போது குருதி கால்களில் தேங்குகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் அது மேலே ஏறும். வெக்கை, காலையில் தேநீர் மட்டும் குடித்து வந்தது, இரவு விழித்துப் படித்தது எல்லாம் சேர்ந்தால் மூளைக்குப் போகும் குருதி சில கணம் குறைந்து கண் இருள்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது கூடும். ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு விரதத்தோடு வந்து வெயிலில் நெருக்கமாக நிற்பவர்களுக்கும் இதுவே நேரக்கூடும். விழுந்தவரை உடனே தூக்கிக் கதிரையில் இருத்துவது தவறு. படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் போதும், தலைக்குக் குருதி தானாக வரும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒன்றும் நடப்பதில்லை. நிற்கும்போது குதிக்காலை அடிக்கடி உயர்த்தித் தாழ்த்தினால் சரிவதையே தவிர்க்கலாம்.

எழுந்து நிற்கும்போதெல்லாம் கண் இருண்டால் பிரசரைப் படுத்திருக்கும்போதும், எழுந்து மூன்று நிமிடத்துக்குள்ளும் அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுதான் காரணம். இருந்த நிலையில் மட்டும் அளந்தால் அது தெரியாது. நீர் போதாமை, வயிற்றோட்டம், பிரசர் குளிசைகளின் அளவு, நீண்ட நாள் சீனி வருத்தம் ஆகியவை இதற்குப் பின்னால் இருக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று உண்டு, குருதிச்சோகை. மாதவிடாயில் அதிகமாகப் போகிறவர்கள் அதை வெட்கத்தால் சொல்வதில்லை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் குருதிச்சோகை என்கிறார்கள். படியேறினால் மூச்சு வாங்குதல், களைப்பு, படபடப்பு, கிறுகிறுப்பு எல்லாம் வரும். பாடசாலையில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை மேசைக்குள் ஒளித்து வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், யாரென்று எழுதமாட்டேன். சோறு தின்ற கையோடு தேயிலை குடிக்கும் பழக்கமும் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கிறது. அதற்குப் பதிலாக தேசிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.

நோன்பு காலத்தில் அஸருக்குப் பின் வரும் கிறுகிறுப்புக்குப் பெரும்பாலும் நீர் குறைவே காரணம். இஃப்தாரில் ஒரேயடியாகக் குடிப்பதைவிட, ஸஹர்வரை சிறிது சிறிதாகக் குடிப்பதே பயன் தரும். ஆனால் சீனிக் குளிசை அல்லது இன்சுலின் பாவிப்பவர்களுக்கு இது வேறு விடயம். இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கும்போது உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. குளிசை நேரத்தை மாற்றுவது பற்றி நோன்பு பிறக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தலையிடி இல்லாமலே ஒற்றைத் தலைவலி வரும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த நோய் தலைச்சுற்றாகவும் வெளிப்படும். சில நிமிடங்கள் முதல் மூன்று நாள்வரை நீடிக்கும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. பெண்களுக்கே அதிகம். நித்திரைக் குறைவும் பட்டினியும் மாதவிடாய் நாட்களும் அதைக் கிளப்பும். உம்மாவுக்கோ சாச்சிக்கோ ஒற்றைத் தலைவலி இருந்தால் வைத்தியரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

மனப்பதற்றம் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் காரணம் தெரியாத எல்லாவற்றையும் பெண்களின் "பயம்" என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆயினும் பரீட்சை மண்டபத்தில் பதறி வேகமாக மூச்செடுத்தால் குருதியில் காபனீரொட்சைட்டுக் குறைந்து, மூளையின் குருதிக்குழாய்கள் ஒடுங்குகின்றன. தலை மிதக்கிறது, விரல்கள் விறைக்கின்றன. இது பாசாங்கல்ல, உடலில் நடக்கும் இரசாயன மாற்றம். அதேபோல, காது நோய் சுகமான பின்னும் மூளை பயந்துபோய் ஒவ்வோர் அடியையும் கவனித்துக்கொண்டிருந்தால், மூன்று மாதத்துக்கு மேலும் நாள்தோறும் தடுமாற்றம் நீடிக்கலாம். இதற்கான வரைவிலக்கணத்தைப் பராணியின் பெயர் தாங்கிய சர்வதேசச் சங்கம் 2017இல்தான் வெளியிட்டது. இதற்கு ஓய்வைவிட நடையும் சமநிலைப் பயிற்சியுமே மருந்து.

குளிசைகளே தலைச்சுற்றைத் தருவதும் உண்டு. தடிமனுக்குக் குடிக்கும் பிரிட்டன், நித்திரைக் குளிசை, சில பிரசர் குளிசைகள் அவற்றில் அடங்கும். தலைச்சுற்றுக்கென்றே பார்மசியில் பழைய துண்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கும் சினாரிசின் போன்றவையும் நீண்ட நாள் பாவித்தால் முதியவர்களுக்குக் கை நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் கொண்டுவரலாம். அவை சில நாளைய உபாதையைத் தணிக்கத் தரப்படுபவை. பளிங்கை அவற்றால் நகர்த்த முடியாது. வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு வைத்தியரின் சூரணத்தையும் மறைக்க வேண்டாம்.

ஓதிப் பார்ப்பவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. துஆ மனதுக்கு ஆறுதல். ஆனால் ஓதிய தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே கிளினிக்குக்கும் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

போகுமுன் ஒரு கொப்பித் தாளில் இரண்டு வாரத்துக்கு எழுதி வையுங்கள். திகதி, நேரம், படுத்திருந்தாரா நின்றாரா, எந்தப் பக்கம் திரும்பினார், விநாடியா நிமிடமா மணித்தியாலமா, காது இரைந்ததா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். மூத்தவர்களுக்கு எழுத வராவிட்டால் நாம் எழுதிக் கொடுக்கலாம். ஓ.பி.டி.யில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்தத் தாள் அவருடைய வேலையைப் பாதியாக்கும்.

எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத தலைச்சுற்றும் உண்டு. சுழற்சியோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கைகால் சோர்ந்தாலோ, பிடித்தாலும் நிற்க முடியாமல் விழுந்தாலோ, என்றும் இல்லாத கடும் தலையிடி வந்தாலோ, ஒரு காது திடீரென்று கேளாமல் போனாலோ, நெஞ்சு நோவோடு மயங்கினாலோ, ஓடும்போது மயங்கி விழுந்தாலோ அன்றே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்து, வருபவர்களிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மூளையில் குருதி உறைந்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாகத் தொடங்கிய நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போட முடியும்.